செயற்கை நுண்ணறிவு பற்றிய அச்சமும் தொழிலாளரின் எதிர்பார்ப்பும்: கம்பளை வட்டாரம்

இயந்திரமோ கணினியோ தன் வேலையை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு தொழிலாளி நம்பத் தொடங்கினால், வேலை போவதற்கு முன்பே அவருடைய வாழ்க்கைக் கணக்கு மாறிவிடுகிறது. எவ்வளவு சம்பளம் கேட்பது, கடன் வாங்கலாமா, பிள்ளையை எதுவரை படிக்க வைப்பது, ஊரிலேயே இருப்பதா என்ற முடிவுகள் எல்லாம் அந்த நம்பிக்கையைத் தொட்டே எடுக்கப்படுகின்றன. பொருளியலாளர்கள் அண்மைக் காலத்தில் இதைத் தனியாக ஆராய்ந்து வருகிறார்கள். கண்டி மாவட்டத்தில் மகாவலிக் கரையிலுள்ள கம்பளையையும் அதைச் சூழ்ந்த தேயிலை மலைகளையும் பார்த்தால் இந்தப் போக்கின் இன்னொரு முகம் தெரிகிறது. இங்கே எதிர்பார்ப்பு முதலில் மாறியது. இயந்திரம் பிறகுதான் வந்தது.

கணிப்புகளும் அவற்றின் விளைவும்

2013இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கார்ல் பெனடிக்ட் ஃபிரே, மைக்கேல் ஒஸ்போர்ன் இருவரும் அமெரிக்க வேலைவாய்ப்பில் 47 சதவீதம் கணினிமயமாகும் பெரும் ஆபத்தில் இருப்பதாகக் கணித்தார்கள். ஒரு தொழிலை மொத்தமாக எடுக்காமல் அதற்குள் அடங்கும் பணிகளைப் பிரித்துப் பார்த்த மற்றோர் ஆய்வு, 2016இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் ஊடாக வெளிவந்தது. அதில் கிடைத்த விடை 9 சதவீதம். இரண்டுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்தும் ஊரெங்கும் பேசப்பட்டது முதல் எண்தான். அதே 2016இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹின்டன், கதிரியக்க மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். ஐந்தாண்டுகளில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்பது அவர் கணிப்பு. அந்தக் கெடு கடந்த பிறகும் அந்த மருத்துவர்களுக்குத் தட்டுப்பாடு நீடிக்கிறது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025 பெப்ரவரியில் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், வேலைத்தலத்தில் செயற்கை நுண்ணறிவின் வருங்காலப் பயன்பாடு கவலை தருவதாக ஊழியர்களில் 52 சதவீதத்தினர் கூறினார்கள். தமக்கான வேலை வாய்ப்பு குறையும் என்று 32 சதவீதத்தினர் கருதினார்கள்; கூடும் என்று கருதியவர்கள் 6 சதவீதத்தினர் மட்டுமே. இந்த அச்சம் எதில் போய் முடிகிறது? மார்தா கோலின், கிறிஸ்டோபர் ரௌ ஆகியோரின் ஆய்வில், இயந்திரமயத்துக்கு அஞ்சுகிறவர்களிடம் தொழிற்சங்கத்தில் சேரவும், மறுபயிற்சி பெறவும், தொழில் மாற்றவும் நாட்டம் கூடுதலாகத் தெரிந்தது. ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு இன்னும் முக்கியமானது. ஆபத்து மிகுந்த தொழிலில் இருப்பவர்கள்தான் தங்கள் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். உண்மை நிலவரத்தைச் சொன்னதும் அவர்களுடைய கவலையும் கூடியது, பயிற்சிக்குப் போகும் விருப்பமும் கூடியது. சரியான தகவல் போய்ச் சேர்ந்த இடத்தில் அச்சம் ஒரு முயற்சியாக மாறுகிறது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

மலையகத்தின் பழைய நிச்சயமின்மை

கம்பளையை அடுத்த சின்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் 1820களில் கோப்பித் தோட்டம் அமைத்தார். இலங்கையில் வணிக ரீதியான கோப்பிச் செய்கையின் தொடக்கங்களில் அது ஒன்று. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலையே அழித்துவிட்டது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் வழித்தோன்றல்களுக்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாட்டில் இடமில்லாமல் செய்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

வேலை கையிலிருந்தும் ஊர் கையில் இல்லாத நிலை அது. ‘நாளைக்கு இங்கே இருப்போமா’ என்ற கேள்வியுடனேயே மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறது. இயந்திரம் பற்றிய பேச்சு இன்று தோட்டக் குடியிருப்பான லயத்துக்குள் வரும்போது அந்தப் பழைய கேள்வியின் மேல்தான் வந்து விழுகிறது. மேலைநாட்டு அலுவலக ஊழியரிடம் கேட்ட கேள்விகளை அப்படியே இங்கே கொண்டுவந்து கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும்.

கொழுந்தும் இயந்திரமும்

கொழுந்து பறிப்பது விரல் வேலை. இரண்டு இலையும் மொட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும், முற்றலைக் கழிக்க வேண்டும், வளர்ச்சி நின்ற வங்கிக் கொழுந்தை ஒடித்துவிட வேண்டும். பையோடு பொருத்திய கத்தரியும் கையில் பிடித்து ஓட்டும் மோட்டார் இயந்திரமும் பல தோட்டங்களுக்கு வந்துவிட்டன. அவை வேகமாக வெட்டும், தரம் பார்த்து வெட்டாது. முற்றலும் தண்டும் சேர்ந்து வரும். இருவர் பிடிக்கும் பெரிய இயந்திரத்துக்குச் செடிகளின் மேற்பரப்பு மட்டமாக இருக்க வேண்டும். புசல்லாவைப் பக்கத்துச் செங்குத்துச் சரிவுகளில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதே பாடு. எந்த இலையைக் கிள்ளுவது என்று கமெராவால் அறிந்து பறிக்கும் இயந்திரங்களை வெளிநாடுகளில் பரிசோதிக்கிறார்கள். ஆனால் கவ்வாத்து (கிளை வெட்டு) பட்டும் படாமலும் மேடு பள்ளமாக நிற்கும் நம் பழைய மலைகள் அவற்றுக்கு ஏற்ற களம் அல்ல.

பெருந்தோட்டங்கள் 1992இல் தனியார் முகாமைக்குப் போனபோது தொழிலாளர் எண்ணிக்கை 3 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்று அதில் பாதி கூட இல்லை. இந்தச் சரிவுக்கு இயந்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. தோட்டத்தில் எதிர்காலம் இல்லை என்று முடிவு கட்டிய இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். ஆள் குறைந்த பிறகு நிர்வாகங்கள் கத்தரியையும் மோட்டாரையும் கொண்டுவந்தன. வந்த இயந்திரத்தைப் பார்த்து, ‘நாங்கள் சொன்னது சரிதானே’ என்று அடுத்த இளைஞர் கூட்டமும் பெட்டி கட்டுகிறது.

சம்பளப் பேச்சில் இந்த நம்பிக்கையின் பங்கு

தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒரு நாள் சம்பளத்தின் அளவு. குறித்த கிலோ எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். 2019 ஜனவரி கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபா கிடைத்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. 18 கிலோவாக இருந்த இலக்கு பல தோட்டங்களில் 20 ஆனது. 2024 மே மாதம் வர்த்தமானியில் வந்த 1,700 ரூபா நீதிமன்றத்தில் தடைப்பட்டு, ஆண்டின் பிற்பகுதியில் அடிப்படை 1,350 ரூபா என்று முடிந்தது. 2026 வரவு செலவுத் திட்டம் 1,550 ரூபாவும் அரசு தரும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவித்தது.

ஒவ்வொரு கட்டத்திலும் கூலிச் செலவு தாங்காது, உற்பத்தித்திறன் கூடவேண்டும், இயந்திரப் பறிப்புக்கு மாறவேண்டும் என்று கம்பனிகள் தரப்பில் பேசப்பட்டது. அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இயந்திரத்தால் எந்த மலையில் என்ன முடியும் என்ற விவரம் கையில் இல்லாத பெண்ணுக்கு அது வெறும் மிரட்டலாகவே கேட்கும். கேட்க வேண்டிய தொகையை அவளே மனதுக்குள் குறைத்துக்கொள்வாள். எதிர்பார்ப்பு சம்பளத்தைக் கீழே இழுப்பது இப்படித்தான்.

தொழிற்சாலையும் நகரமும்

தேயிலைத் தொழிற்சாலையில் தண்டு பொறுக்கிய கைகளின் வேலையில் பெரும்பகுதியை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டு பல காலமாகிறது. கம்பளை நகரில் தட்டச்சு, விண்ணப்பம், மொழிபெயர்ப்பு செய்து கொடுக்கும் சிறு கடைகளுக்கே செயற்கை நுண்ணறிவு நேரடிப் போட்டி. சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீடும் அலுவலக வேலை மிகுந்த நாடுகளிலேயே தாக்கம் கூடுதல் என்று காட்டுகிறது: செயற்கை நுண்ணறிவின் தாக்கத்துக்கு உட்படும் வேலைகள் வளர்ந்த நாடுகளில் 60 சதவீதம், வருமானம் குறைந்த நாடுகளில் 26 சதவீதம். தோட்டத்துப் பெற்றோர் வயிற்றைக் கட்டிப் பிள்ளையைக் கணினி வகுப்புக்கு அனுப்புவது அலுவலக வேலையை நம்பித்தான். 2025 ஜூலையில் இந்தியாவின் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. காரணம் செயற்கை நுண்ணறிவு அல்ல, திறன் பொருத்தமின்மையே என்று நிறுவனம் சொன்னபோதும் வெளியில் அந்தச் செய்தி வேறு விதமாகவே பரவியது.

தோட்டத்தைப் பொறுத்தவரை, எந்தச் சரிவில் எந்த இயந்திரம் ஓடும் என்பதைச் சொல்லக்கூடிய அறிவு தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்திடம் இருக்கிறது. சம்பள நிர்ணய சபை கூடுவதற்கு முன்னதாகவே அந்த விவரம் எளிய தமிழில், காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்துக்கு வந்து சேர வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.