பீர் குவளையில ஒரு பெயர்ப் பட்டியல்

மக்களே, கடைசி செமஸ்டர்ல வெள்ளை டி-ஷர்ட்டைக் கொடுத்து எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? 1914க்கு முன்னாடி ஜெர்மன் பசங்க கிட்டத்தட்ட இதையே பீர் குவளையில செஞ்சாங்க.

கட்டாய ராணுவ சேவை முடிஞ்சு (1893க்கு அப்புறம் காலாட்படைக்கு 2 வருஷம், குதிரைப்படைக்கு 3) ஊர் திரும்பறப்போ, சொந்தக் காசுல செய்து வாங்கின நினைவுக் குவளை இது. பெயர் ரிசர்விஸ்டன்க்ரூக். குவளை பீங்கான் அல்லது சுட்ட களிமண், மேலே உலோக மூடி. முன்பக்கம் சொந்தக்காரர் பெயர், ரெஜிமெண்ட், முகாம் ஊர், வருஷங்கள். பக்கவாட்டுல கூட இருந்தவங்க பெயர்கள். மூடி திறக்க கட்டைவிரல் வைக்கிற இடத்துல சிங்கம்னா பெரும்பாலும் பவேரியா, கழுகுன்னா பிரஷ்யா.

போலிகளும் ஏராளம். பீங்கான் குவளையை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உள்ளே பார்த்தா, அடியில ஒரு படம் தெரியும். ஒரிஜினல்ல வீரன் காதலிகிட்ட விடைபெறுகிற மாதிரி காட்சிகள் இருக்கும். உடையில்லாத பெண் தெரிஞ்சா உஷார், அது பிற்காலச் சரக்கு!

பல குவளைகள்ல "ரிசர்வுக்கு இனி ஓய்வு"ங்கற அர்த்தத்துல ஒரு வாசகம் இருக்கும். 1914 ஆகஸ்ட்ல போர் வந்தது. ரிசர்வ் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க. பட்டியல்ல இருக்கறவங்கள்ல எத்தனை பேர் வீடு திரும்பினாங்கன்னு குவளை சொல்லாது.

போலியில பெயர்கள் வெறும் அலங்காரம். ஒரிஜினல்ல ஒவ்வொண்ணும் ஒரு ஆள். சேகரிக்கறவங்க மூடியைப் பார்க்கட்டும், நான் முதல்ல பெயர்களைத்தான் படிப்பேன்.

அந்த டி-ஷர்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க மக்களே!