புண்ணோன் அருகில் ஒலித்த யாழ்

அரசவையிலும் விழாக்களத்திலும் பாணர் நடந்த காட்டுவழியிலும் யாழொலியைச் சங்க இலக்கியத்துள் கேட்கிறோம். புண்பட்டுக் கிடப்பவன் அருகில் அது ஒலித்த ஓரிடமும் உண்டு. அதனை நம் வகுப்பறைகள் விரைந்து கடந்துவிடுகின்றன. அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடலையே குறிப்பிடுகிறோம்.

தன் வேந்தனுக்கு நேர்ந்த இடரைத் தாங்கிப் போரிட்ட மறவன் ஒருவன் புண்ணோடு மனையிற் கிடக்கிறான். அவன் மனைவி தோழியை அழைக்கிறாள். இரவமரத் தழையும் வேப்பந்தழையும் மனையிற் செருகுவோம். வளைந்த கோட்டையுடைய யாழோடு பல கருவிகள் ஒலிக்கட்டும். வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணியை இயக்கி, காஞ்சிப்பண் பாடி, வீடெங்கும் நறும்புகை எழுப்பி அவன் புண்ணைக் காப்போம், வா என்கிறாள். இது ஒரு வீட்டின் வழக்கமன்று. 296ஆம் பாடலில் ஊரின் எல்லா மனைகளிலும் வேப்பங்கிளை ஒடிப்பதும் காஞ்சி பாடுவதும் ஐயவி புகைப்பதுமாகப் பேரொலி எழுகிறது. புண்பட்ட கணவனைப் பேய் நெருங்காதவாறு மனைவி காப்பதைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்னும் துறையாகவே வகுத்துள்ளது.

யாழ் என்றதும் மாணவர் பலர் வீணையை எண்ணிக்கொள்கின்றனர். இரண்டும் வேறு. வீணையில் ஒரே நரம்பை மெட்டுகளின்மேல் அழுத்திப் பல சுரங்களைப் பெறுகிறோம். யாழில் சுரத்துக்கு ஒரு நரம்பு. இன்று மேனாட்டு மருத்துவமனைகளில் வாசிக்கப்படும் ஹார்ப்பும் யாழின் இனத்தைச் சேர்ந்ததே. அமராவதிச் சிற்பங்களில் வில்போல் வளைந்த யாழைக் காணலாம். பர்மியரின் சவுங் அவ்வடிவை இன்றும் காத்து வருகிறது. தமிழகத்தில் மறைந்துபோன யாழை இலக்கியச் சான்றுகளையும் கணிதத்தையும் கொண்டு மீட்டெடுக்க முயன்ற விபுலாநந்த அடிகளின் ‘யாழ்நூல்’ 1947இல் வெளிவந்தது.

இசை மருத்துவத்தைத் தமிழரே முதலில் கண்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் இப்பாடலைச் சான்று காட்டுவதுண்டு. பாடலை ஊன்றிப் படித்தால் அவ்வளவு விரைந்து முடிவுகட்ட இயலாது. அப்பெண் பேசுவது காத்தலைப் பற்றி. இசை புண்ணை ஆற்றியது என்று அவள் சொல்லவில்லை. யாழும் வேம்பும் புகையும் ஒரே வரிசையில் வருகின்றன. எது மருந்து, எது சடங்கு என்று பிரிப்பது நம் காலத்துப் பழக்கம். மலைபடுகடாத்திலும் இதே சொல் வருகிறது. புலி பாய்ந்து கணவர் மார்பில் உண்டாக்கிய புண்ணின் துயர் தணியவும், அதற்குக் காப்பாகவும் கொடிச்சியர் பாடுகின்றனர். தணித்தல், காத்தல் என்னும் இவ்விரு சொற்களும் மிகைப்படாத சொற்கள். இசைக்குப் பெரும் ஆற்றல் உண்டென்பதை அக்காலத்தார் அறியாமலும் இல்லை. குத்துக்கோலுக்கு அடங்காத களிறு யாழுக்கு அடங்குவதைக் கலித்தொகை உவமையாக்குகிறது. வழிப்பறிக் கள்வர் படைக்கலத்தைக் கைவிடுமாறு செய்யும் பாலை யாழைப் பொருநராற்றுப்படை பாடுகிறது. ஆயினும் புண்ணோன் அருகில் வந்தபோது நம் புலவர்கள் அடக்கமாகவே பேசியுள்ளனர். அந்த அடக்கத்தை நாம் மதிக்க வேண்டும் என்றே கருதுகிறோம்.

மருத்துவமனைக்குள் யாழ் புகுந்த வரலாறு வேறு நாடுகளில் தெளிவாகக் கிடைக்கிறது. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயசித் கட்டிய மருத்துவமனை 1488இல் நிறைவுற்றது. பதினேழாம் நூற்றாண்டில் அதனைக் கண்ட பயணி எவ்லியா செலெபி, நோயாளிகளுக்கும் மனநலம் குன்றியோருக்கும் வாரத்தில் மூன்று நாள் இசைக்க அங்குக் கலைஞர்கள் அமர்த்தப்பட்டிருந்ததை எழுதியுள்ளார். அவர் தரும் பட்டியலில் ‘செங்’ எனும் துருக்கிய யாழை இசைப்பவரும் இருக்கிறார். மனைவியும் தோழியும் செய்தது இங்கே ஊதியம் பெறும் பணியாகிவிட்டது.

நம் காலத்தில் அமெரிக்கரான தெரேஸ் ஷ்ரோடர்-ஷேக்கர் 1970களில் இறக்கும் நிலையிலிருந்த முதியோருக்காகப் பாடத் தொடங்கினார். 1992இல் மொன்டானா மாநிலத்து மிசூலா நகர மருத்துவமனை ஒன்றில் அவருடைய பயிற்சித் திட்டம் வேரூன்றியது. அம்முறையில் யாழ் இசைப்போர் பெரும்பாலும் இருவராகச் சென்று படுக்கையின் இருபுறமும் அமர்கின்றனர். பாட்டை முன்கூட்டி முடிவுசெய்து கொண்டு செல்வதில்லை. நோயாளியின் மூச்சையும் முகக்குறியையும் நோக்கி அதற்கேற்ப விரைவைக் குறைக்கின்றனர், கூட்டுகின்றனர், சில வேளை நிறுத்தியும் விடுகின்றனர். மீட்டிய நரம்பு கையை எடுத்த பின்னும் சிறிது நேரம் ஒலித்து மெல்லத் தேய்வதால், அடுத்த மூச்சுக்குக் காத்திருக்க யாழில் இடமுண்டு. நோயைத் தீர்ப்பது அவர்கள் நோக்கமன்று. துயரைத் தணித்து உடனிருப்பதே.

281ஆம் பாடலும் அம்மறவன் பிழைத்தானா என்பதைக் கூறாமலே நின்றுவிடுகிறது.