1869: மலைநாட்டில் எவரும் விசாரிக்காத மரணங்கள்

கனடிய எழுத்தாளர் கெல்லி ஆம்ஸ்ட்ராங் 2022இல் தொடங்கிய துப்பறியும் நாவல் வரிசையில், இக்காலப் பெண் போலீஸ் அதிகாரி ஒருவர் காலம் கடந்து 1869ஆம் ஆண்டின் எடின்பரோவில் பணிப்பெண் ஒருத்தியின் உடலுக்குள் விழித்தெழுந்து, மருத்துவம் பயின்ற ஒருவருடன் சேர்ந்து கொலைகளைத் துப்புத்துலக்குகிறார். அதே 1869இல்தான் இலங்கை மலைநாட்டில், கோப்பிப் பயிரைப் பின்னாளில் அழித்தொழித்த இலைத்துரு நோய் தென்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னர் ஸ்கொத்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அந்த அதிகாரி இம்மலைகளில் விழித்திருந்தால், கொன்றவர் யார் என்று தேடுமுன் இறந்தவர் யார் என்றே தேட வேண்டியிருந்திருக்கும்.

தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுத் தடம் வழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. 1840களில் இவ்வாறு வழியிலும் தோட்டங்களிலும் மாண்டோர் சுமார் 70,000 பேர் என 1849இல் கொழும்பு அப்சர்வர் இதழ் மதிப்பிட்டது. வந்தோர் தொகைக்கும் திரும்பியோர் தொகைக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு சாவைக் கணக்கிடும்போது பதிவின்றித் திரும்பியவர்களும் இறந்தோராகிவிடுவர் என்பதால், இத்தகைய எண்களை வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். ஆயினும் மனித உயிர்களைக் கழித்தல் கணக்கால் ஊகிக்க வேண்டியிருப்பதே அன்றைய காலனித்துவ நிர்வாகத்தின் மீதான கடுமையான குற்றச்சாட்டு எனலாம்.

பிறப்பு, இறப்புகளைப் பதியும் சட்டம் 1867இல்தான் வந்தது. ஆனால் ஆள் குறைந்தது வேறோர் ஏட்டில் அன்றன்றே தெரிந்தது. விடியற்காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்தும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை செக்றோலில், அதாவது நாள்வருகை ஏட்டில், பேர் போடுவார். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும், ஆட்களைத் திரட்டி வந்த கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததால், ஒருவர் வராமற்போனதை அவர் உடனே அறிந்தார். முன்பணமாக வாங்கிய கடனைப் பொறுத்தவரை, இறந்தவரின் பாக்கியும் ஓடிப்போனவரின் பாக்கியும் கூட்டத்தில் எஞ்சியோர் தலையில் விழும் வழக்கம் இருந்தது. வேலையை விட்டு ஓடுவதை 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிப்பதற்கான சட்டமோ அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1872இல்தான் இயற்றப்பட்டது. எதற்கு முதலிடம் தரப்பட்டது என்பதை இவ்வரிசையே காட்டுகிறது.

1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தபோது கோப்பி நின்ற சரிவுகள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டொயில், 1892இல் வெளிவந்த ஒரு சிறுகதையில் இத்தேயிலை வயல்களை மனத்துணிவின் நினைவுச்சின்னமாகப் போற்றினார். அப்புகழ் தோட்டத்துரைமாருக்கே உரியதாயிற்று. அவ்வாண்டிலேயே, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் பலரை மாய்த்த வயிற்றுக்கடுப்பு நோயாலேயே டெய்லரும் இறந்தார். தொழிலாளர் 24 பேர், பன்னிருவராக முறை மாற்றி, அவரது உடலைக் கண்டிவரை சுமந்து சென்றனர். டெய்லரின் பெயர், இறந்த நாள், வயது அனைத்தும் மஹையாவை மயானத்துக் கல்லில் பொறிக்கப்பட்டன. மன்னார்த் தடத்தில் விழுந்தோரைப் பற்றி அறிய விரும்புவோர் பழைய செய்தித்தாள்களையும் அரசாங்க அறிக்கைகளையும் வரி வரியாகப் புரட்டவேண்டும். கோப்பிக்காலத் தொழிலாளர்களுக்கென்றே டொனோவன் மோல்ட்ரிச் எழுதிய நூல் 1989இல்தான் வெளிவந்தது.