நீலக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போனபோது

1944 நவம்பர் 29. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. இதயக் கோளாறால் உதடும் நகமும் நீலம் பாரித்திருந்த ஒரு பெண் குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளலாக் அறுவை சிகிச்சை செய்தார். நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போக வழி செய்யலாம் என்ற யோசனை ஹெலன் டௌசிக் என்ற பெண் மருத்துவருடையது. அதை நாய்களிடம் செய்துபார்த்துத் தேர்ந்தவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், மருத்துவப் பட்டம் இல்லாதவர். அன்று பிளலாக்கின் பின்னால் நின்று தையல் தையலாகச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மறு ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

அந்தக் காலத்தில் வெற்றிக்கு ஒரே அளவுகோல்தான்: பிள்ளை பிழைத்ததா? பிழைத்த பிள்ளை வகுப்பில் ஓரிடத்தில் உட்காருகிறதா, சொன்னதைக் கவனிக்கிறதா என்றெல்லாம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதைக் குறையென்றும் சொல்ல முடியாது; உயிரே கேள்வியாக இருந்த நேரம் அது.

1960களில் அந்தக் கேள்வி வந்தது. வந்ததும் பார்வை தாய்மார் பக்கம் திரும்பியது. 1966-இல் லியோனார்ட் லிண்டே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையின் பதற்றமும் ஒட்டாமையும் இதயக் கோளாறின் கடுமையைவிடத் தாயின் கவலையோடுதான் அதிகம் பொருந்தின. பொத்திப் பொத்தி வளர்ப்பதால் வரும் கோளாறு என்ற எண்ணத்துக்கு இது தோதாக அமைந்தது. இரவெல்லாம் பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தவள் கவலைப்படாமல் வேறென்ன செய்வாள்?

இதற்கிடையே அறுவை சிகிச்சை வேறு திசையில் பாய்ந்தது. ஜப்பானின் கியோட்டோவிலும் நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் கைக்குழந்தையின் உடலைக் கடுமையாகக் குளிர வைத்து, ரத்த ஓட்டத்தையே சற்று நேரம் நிறுத்திவிட்டு இதயத்தைச் சரிசெய்தார்கள். ரத்தமில்லாத இதயத்தில் வேலை சுலபம். ஆனால் அந்த நிமிடங்களில் மூளை என்ன ஆனது?

இதற்கு விடை தேடியது பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை. 1988 முதல் 1992 வரை, இரண்டு பெருந்தமனிகளும் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு ஓட்டத்தை முழுக்க நிறுத்தும் முறை, மறுபாதிக்கு இயந்திரத்தின் உதவியோடு மெல்லிய ஓட்டம். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கல் போலத்தான் முடிவானது. ஜேன் நியூபர்கரும் டேவிட் பெல்லிங்கரும் அந்தப் பிள்ளைகளை விடாமல் தொடர்ந்தார்கள்: ஒரு வயது, நான்கு, எட்டு, பதினாறு. வைத்தியத்தில் இப்படிப்பட்ட பொறுமை அபூர்வம்.

ஒரு வயதில் ஓட்டத்தை நிறுத்திய குழுவே பின்தங்கியது. விடை கிடைத்துவிட்டதாகவே பட்டது. எட்டு வயதில் கணக்கு குழம்பியது. அந்தக் குழுவுக்குக் கைவேலையிலும் பேச்சிலும் குறை தெரிந்தது. மெல்லிய ஓட்டம் பெற்றவர்களிடமோ அவசர புத்தியும் நடத்தைச் சிக்கலும் கூடுதல். பதினாறு வயதில் இரண்டு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 65 சதவீதம் பேர் படிப்புக்கோ நடத்தைக்கோ ஏதாவதொரு சிறப்பு உதவி பெற்றிருந்தார்கள். இத்தனைக்கும் சராசரி அறிவுத்திறன் ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். மக்குப் பிள்ளைகள் இல்லை. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதிலும் வேலையைத் திட்டமிடுவதிலும்தான் தடுமாற்றம்.

அப்படியானால் கத்தி மட்டும் காரணமில்லை. 2009-இல் பிலடெல்பியாவில் டேனியல் லிக்ட் குழுவினர் இதயக் கோளாறுள்ள பச்சிளங்குழந்தைகளின் மூளையை அறுவை சிகிச்சைக்கு முன்பே படமெடுத்தார்கள். நிறைமாதத்தில் பிறந்திருந்தும், மூளை ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கியிருந்தது. சாதாரணமாக நஞ்சுக்கொடி வழியே வரும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் முன்னுரிமையோடு கருவின் மூளைப் பக்கம் போகும். தமனிகள் மாறியிருந்தால் அந்த நல்ல ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பிவிடுகிறது. சிக்கலின் ஒரு வேர் கருப்பையிலேயே இருந்திருக்கிறது. தாயின் கவலையைக் காரணம் காட்டியவர்கள் அன்று இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

2012-இல் அமெரிக்க இதயச் சங்கம், இத்தகைய ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளின் வளர்ச்சியைப் பள்ளிப் பருவத்திலும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும் என்று எழுத்தில் வைத்தது. முதல் நீலக் குழந்தையின் அறுவை சிகிச்சைக்கும் இந்தப் பரிந்துரைக்கும் இடையே 68 ஆண்டுகள். இதய ஆபரேஷன் முடிந்த பிள்ளை பாடத்தில் மனம் நிற்காமல் தவித்தால் அதைக் குறும்பென்று தள்ளிவிடாமல், அறுவை சிகிச்சை விவரத்தை ஆசிரியரிடமும் கவனச் சிக்கலை இதய மருத்துவரிடமும் பெற்றோர் சொல்லிவைப்பது நல்லது.