கார் கம்பெனி வழியா வாய்க்கு வந்த பல்

செம்பரம்பாக்கம்னு சொன்னதும் உங்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்னு ஏரி, இன்னொன்னு 2015 டிசம்பர். இன்னைக்கு ரெண்டும் இல்ல. இன்னைக்குப் பேசப்போறது பல்செட். அதுவும் முழு செட் இல்ல. கொஞ்சம் பல்லு போய் கொஞ்சம் பல்லு மிச்சம் இருக்கறவங்களுக்கு, கழட்டி மாட்டுற மாதிரி செய்யுற பகுதிப் பல்செட்.

சிரிக்காதீங்க. இதுல ஒரு கொலையே இருக்கு.

எங்க வீடு செம்பரம்பாக்கத்துலதான், பெங்களூர் ஹைவேயில இருந்து கொஞ்சம் உள்ள. காலைல ஹைவே ஓரமா நின்னீங்கன்னா வரிசையா கம்பெனி பஸ்ஸா போகும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். அப்பா இருபது வருஷம் அந்த பஸ்ல போனவர். காருக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யுற ஒரு கம்பெனியில டூல் ரூம் வேலை. டூல் ரூம்னா அச்சு செய்யுற, அச்சு ரிப்பேர் பார்க்கற இடம்.

ஷிப்ட் மாத்தி மாத்திப் போனவருக்கு பல்லைப் பார்க்க நேரம் ஏது? வலிச்சா புடுங்கிடுவார். இப்படியே கீழ்த்தாடையில ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல் எல்லாம் போச்சு. அப்புறம் ஒரு சின்ன கிளினிக்ல ரோஸ் கலர் பிளேட் ஒன்னு போட்டுக்கிட்டார். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி, முன்னாடி இருக்கற பல்லைப் பிடிச்சிக்கும். அது வலிக்குதுன்னு, சாப்பிட உட்காரும்போது கழட்டி சட்டைப் பையில வெச்சுக்குவார். சாப்பிடறதுக்காக வாங்கின பல்லு அது!

ஒன்றரை வருஷம் போச்சு. ஒரு நாள் ராத்திரி, "டேய், கம்பி மாட்டுற பல்லு ஆடுதுடா"ன்னார். சொத்தையே இல்லாத, கெட்டியா இருந்த பல்லு. போன பல்லுக்குக் கவலைப்படாத மனுஷன், அன்னைக்குப் பயந்துட்டார். அது போனா கம்பி அடுத்த பல்லுக்கு மாறும். அப்புறம் அதுவும் ஆடும். இது எங்க போய் நிக்கும்னு அவருக்குப் புரிஞ்சிடுச்சு.

பூந்தமல்லி ரோட்டுல இருக்கற ஒரு டென்டல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க ஒரு பிஜி ஸ்டூடன்ட் அப்பாவோட வாயை அளவு எடுத்து, கல் மாதிரி ஒரு மாடல் செஞ்சு, அதை ஒரு சின்ன மெஷின்ல வெச்சாங்க. சாய்க்கவும் திருப்பவும் முடியுற ஒரு மேடை. மேல இருந்து செங்குத்தா ஒரு கம்பி, அதோட நுனியில பென்சில் முனை. மாடலை அந்த முனையில ஒட்டினாப்புல சுத்தினா, ஒவ்வொரு பல்லோட வயித்துலயும் ஒரு கோடு விழுது. அது பெயர் சர்வேயர். அப்பா பார்த்துட்டே இருந்தார். "இது எங்க வேலைம்மா"ன்னார். "அண்டர்கட் பார்க்கறீங்க, இல்ல?"

அந்தப் பொண்ணு நிமிர்ந்து பார்த்தாங்க. "அங்கிள், உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அச்சுல வார்க்கற எந்தப் பாகமும் நேரா வெளிய வரணும். உள்ள வளைஞ்சு பதுங்கின இடம் இருந்தா பாகம் சிக்கிக்கும். அந்தப் பதுங்கின இடம்தான் அண்டர்கட். பல்லும் அப்படித்தான், நடுவுல பருத்து ஈறு பக்கம் ஒடுங்கும். அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கறது எல்லாம் அண்டர்கட். பல்செட்டோட விறைப்பான பாகம் எதுவும் அதுக்குள்ள போகக்கூடாது, போனா மாட்டவும் முடியாது கழட்டவும் முடியாது. ஆனா கொக்கியோட நுனி மட்டும் கொஞ்சம் உள்ள போகணும், இல்லன்னா பிடிமானம் இல்ல. எவ்வளவு? வார்ப்பு உலோகக் கொக்கின்னா 0.25 மில்லிமீட்டர். "ஸ்னாப் ஃபிட்"னார் அப்பா. கார் டேஷ்போர்டுல பிளாஸ்டிக் மூடி டக்குனு உட்காருதே, அதே கணக்கு.

அன்னைக்கு ராத்திரி நான் இதோட வரலாறைத் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட, நம்ம ஹைவே ஓரமா இருக்கற கம்பெனிங்கதான் திரும்பத் திரும்ப வந்துச்சு.

முதல்ல ரப்பர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் நல்ல பல்செட் என்றால் தங்கத் தகடு, இல்லையென்றால் தந்தம். பணக்காரர்கள் விஷயம். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது கெட்டிப்படும் என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். கந்தகத்தைக் கூட்டினால் கட்டை மாதிரி ஆகிவிடும் என்று அவர் தம்பி நெல்சன் 1851இல் பேட்டன்ட் வாங்கினார். அதுதான் வல்கனைட். வாயின் அச்சில் அப்படியே உட்காரும், விலையும் கம்மி. முதல் முறையாகச் சாதாரண ஜனங்களுக்கும் பல்செட் கிடைத்தது. (குட்இயர் டயர் கம்பெனிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்ல. 1898ல ஆரம்பிச்சவங்க பேரை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.)

வல்கனைட்டில் பல்செட் செய்வதற்கான பேட்டன்ட் 1864இல் ஜான் கம்மிங்ஸ் என்ற டாக்டருக்குக் கிடைத்தது. அதை குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி வாங்கிக்கொண்டது. அதன் பொருளாளர் ஜோசையா பேக்கன், அமெரிக்கா முழுக்க பல் டாக்டர்களைத் துரத்தினார். வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டு, செய்கிற ஒவ்வொரு செட்டுக்கும் தனியாகக் கட்டு, இல்லையென்றால் கேஸ். 1879 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு ஹோட்டல் அறையில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் டாக்டர் பேக்கனைச் சுட்டுக் கொன்றார். ஊர் ஊராக மாறியும் விடாமல் துரத்தப்பட்டவர் அவர். பத்து வருஷம் ஜெயில். 1881இல் பேட்டன்ட் காலம் முடிந்தது. சொன்னேன்ல, கொலை இருக்குன்னு.

1930களில் அக்ரிலிக் வந்தது. போர் விமானங்களுக்குக் கண்ணாடி மாதிரி மூடி செய்தார்களே, அதே குடும்பம். இன்னைக்கு கார் டெயில் லேம்ப்ல இருக்கறதும் அதுதான். ரோஸ் நிறம் கலந்தால் ஈறு மாதிரியே இருக்கும். பத்துப் பதினைந்து வருஷத்தில் வல்கனைட் கிட்டத்தட்டக் காணாமல் போனது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. எல்வுட் ஹேன்ஸ். அமெரிக்காவின் ஆரம்ப காலக் கார்களில் ஒன்றை 1894 ஜூலை 4 அன்று இண்டியானா மாநிலம் கோகோமோவில் ஓட்டிக் காட்டியவர். உலோகங்கள் மேல் பைத்தியம். கோபால்ட்டையும் குரோமியத்தையும் சேர்த்து, துருப்பிடிக்காத, மங்காத ஒரு கலவையைச் செய்தார். 1907இல் பேட்டன்ட். நட்சத்திரம் மாதிரி மின்னுகிறது என்று ஸ்டெல்லைட் என்று பெயர் வைத்தார். இதை அப்பாகிட்ட சொன்னேன். "ஸ்டெல்லைட்டா? இன்ஜின் வால்வுக்குப் போடுவாங்களே"ன்னார். அதேதான். அந்த வம்சத்துக் கலவையில் கொஞ்சம் மாலிப்டினம் சேர்த்து, 1930களின் தொடக்கத்தில் ஆஸ்டெனல் என்ற லேப் பல்செட்டுக்குக் கொண்டுவந்தது. பெயர் வைட்டாலியம். அரை மில்லிமீட்டர் தடிமனிலேயே விறைப்பாக நிற்கும். இடுப்பு மூட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அந்த உலோகம் வாய்க்குள்ள போயிடுச்சு.

ஆனா பொருள் மட்டும் போதாது. எங்க கொக்கி, எங்க தாங்கல், யார் முடிவு பண்றது? ஒரு தாடையில் 16 பல். ஒவ்வொன்னும் இருக்கலாம், இல்லாம இருக்கலாம். எல்லாம் இருக்கறதையும் எல்லாம் போனதையும் விட்டுட்டா, 65,534 விதமான வாய் சாத்தியம். இதை எப்படிப் பாடமா நடத்துவீங்க? 1918இல் பாஸ்டனில் ஃபார்ச்சுனாட்டி என்பவர், பற்களின் இணைகோட்டைக் கருவி வைத்து அளக்கலாம் என்று காட்டினார். நான் பார்த்த சர்வேயரின் தாத்தா அதுதான். 1925இல் நியூயார்க்கின் எட்வர்ட் கென்னடி, எந்தப் பல் போனது என்பதைவிட, காலியிடத்துக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கப் பல் இருக்கிறதா என்று கேட்டு, எல்லா வாயையும் நாலே வகுப்பில் அடக்கினார். ரெண்டு பக்கமும் பின்னாடி தாங்கல் இல்லாதது முதல் வகுப்பு. அதுதான் எங்க அப்பா.

அந்த வகுப்புல என்ன சிக்கல்னா, பல்லு அழுத்தினா ஒரு துளிதான் அசையும். ஈறுச் சதை பல மடங்கு அமுங்கும். ஒவ்வொரு கடிக்கும் பிளேட்டோட பின்பக்கம் கீழ இறங்குது. அப்பாவோட பழைய பிளேட்டுக்குப் பல்லு மேல தாங்கலே கிடையாது, எடை முழுக்க ஈறு மேல. கம்பி மட்டும் பல்லை இறுக்கிப் பிடிச்சிருக்கு. பிளேட் இறங்கும்போதெல்லாம் பல்லையும் பின்னாடி இழுக்கும். நட்ட கழியைப் பிடுங்கணும்னா இப்படியும் அப்படியும் ஆட்டுவோமே, அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பண்ணியிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க. இந்த மாதிரி பிளேட்டுக்கு இங்கிலீஷ்ல 'கம் ஸ்ட்ரிப்பர்'னே டாக்டர்கள் பேர் வெச்சிருக்காங்க, ஈறை உரிக்கிறதுன்னு.

1960கள்ல லாஸ் ஏஞ்சலஸ்ல கிராட்டோச்வில்னு ஒரு பேராசிரியர் சொன்ன வழி எளிமையானது. தாங்கலைப் பல்லோட பின்பக்கத்துல இருந்து முன்பக்கத்துக்கு மாத்து. இப்போ பின்னாடி பிளேட் இறங்கினா, கொக்கியும் சேர்ந்து கீழ நழுவி, பல்லை விட்டுடும். ஏற்றத்துல கால் வைக்கிற இடத்தை மாத்தினா எடை மாறுதே, அது மாதிரி. அந்தப் பொண்ணு கலர் பென்சில்ல அப்பாவோட மாடல் மேல வரைஞ்சது இதைத்தான்.

நம்ம ஊர்ல இந்தப் படிப்பு எப்போ வந்துச்சு? கல்கத்தாவில் 1920இல் ஆர். அகமது என்பவர் ஆரம்பித்ததுதான் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. சென்னையில் 1953இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஒரு பிரிவாக வந்தது. அதுக்கு முன்னாடி இருந்தே பாரிமுனைப் பக்கம் சீனாக்காரங்க பல் வைத்தியம் பார்த்துட்டு இருந்தாங்க. ஹூபேய் மாகாணத்துக் குடும்பங்கள், பரம்பரைத் தொழில், கையாலேயே செட் செய்வாங்க. "சைனீஸ் டென்டிஸ்ட்" போர்டை இன்னும் பார்க்கலாம். 1948 பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமல் ஐந்து வருஷத்துக்கு மேல் இதே தொழிலாக இருந்தவர்களையும் பதிவேட்டின் 'பி' பகுதியில் சேர்த்துக்கொண்டது. லேப்பில் செட் செய்கிற டென்டல் மெக்கானிக்குக்கும் அதே சட்டத்தில் தனிப் பதிவேடு இருந்தது.

அந்த மெக்கானிக்கைப் பத்தி ஒன்னு சொல்லணும். டிசைன் டாக்டர் போடணும், லேப் செய்யணும். புத்தகம் சொல்றது அது. ஆனா பல நாடுகள்ல கேட்டுப் பார்த்தப்போ, நிறைய டாக்டர்கள் அளவை மட்டும் அனுப்பிட்டு டிசைனை லேப் தலையில கட்டிடறாங்கன்னு தெரிஞ்சுது. அந்த வாயைப் பார்க்காத ஒருத்தர், எந்தப் பல்லு கெட்டி, எது ஆடுதுன்னு தெரியாமலே கொக்கி வளைக்கிறார். அப்பாவோட முதல் பிளேட்டை யார் டிசைன் பண்ணாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அந்த கிளினிக்கை மட்டும் திட்டவும் மனசு வரல, "கம்மில முடிங்க"ன்னு கேட்டது நாங்கதான். அக்ரிலிக் பிளேட்டே தப்புன்னும் சொல்லல. அவசரத்துக்கு, கொஞ்ச நாளைக்கு, அது நல்ல பொருள். கொஞ்ச நாளைக்குன்னு எங்ககிட்ட யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

புது செட் வந்துச்சு. நாக்குக்குக் கீழ ஒரு மெல்லிய உலோகப் பட்டை ரெண்டு பக்கத்தையும் சேர்க்குது. அதுக்கு ஈறு ஓரத்துல இருந்து ஏழெட்டு மில்லிமீட்டர் இடம் வேணும், அப்பாவுக்கு நல்லவேளையா இருந்துச்சு. முதல் நாள் மாட்டினதும் அஞ்சாறு தடவை கழட்டி மாட்டிப் பார்த்தார், புது அச்சை டிரையல் எடுக்கற மாதிரி. ஆடுற பல்லு நிக்குமான்னு கேட்டோம். அந்தப் பொண்ணு சத்தியம் எல்லாம் பண்ணல. "பார்க்கலாம் அங்கிள், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா வரணும்"னாங்க.

இப்போ சாப்பிடும்போது செட் வாயிலதான் இருக்கு, சட்டைப் பையில இல்ல. போன வாரம் இந்த எபிசோட் எழுதிட்டு இருந்தேன். "0.25ன்னு எழுதறியே, அது எவ்ளோன்னு தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியும்னேன். நம்பல. பழைய டூல் பாக்ஸைத் திறந்து, ஃபீலர் கேஜ்ல 0.25 தகட்டை மட்டும் விரிச்சு என் கையில கொடுத்துட்டு, முறுக்கு எடுக்கப் போயிட்டார்.