மாஸ்டர்செஃப் (இந்தியத் தழுவல்கள்)

மாஸ்டர்செஃப் என்பது ஐக்கிய இராச்சியத்தில் 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொலைக்காட்சிச் சமையல் போட்டி ஆகும். சமையலைத் தொழிலாகக் கொள்ளாதவர்களே இதன் போட்டியாளர்கள். இதன் வடிவத்துக்கு உரிமம் பெற்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் தனித்தனிப் பதிப்புகள் தயாரிக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் இந்திப் பதிப்பு 2010-இலும் தமிழ்ப் பதிப்பு 2021-இலும் தொடங்கின. வேறொரு நாட்டின் உணவுப் பழக்கத்தில் உருவான விதிகள் இந்தியச் சமையலுக்கு எந்த அளவு பொருந்துகின்றன என்பது இத்தழுவல்கள் எழுப்பும் முதன்மையான கேள்வியாகும்.

தோற்றம்

திரைப்பட இயக்குநர் பிராங்க் ரோடம் இந்நிகழ்ச்சியை உருவாக்கினார். பிபிசி தொலைக்காட்சியில் 1990 முதல் 2001 வரை இதன் முதல் வடிவம் ஒளிபரப்பானது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மூன்று போட்டியாளர்கள் தலா ஒரு முழு விருந்தைச் சமைத்தனர். அமைதியான உரையாடலும் சுவைத்துப் பார்த்தலுமே இதில் முதன்மை பெற்றன. 2005-இல் ஜான் டொரோட், கிரெக் வாலஸ் ஆகியோரை நடுவர்களாகக் கொண்டு இது புதிய வடிவில் மீண்டும் தொடங்கப்பட்டது.

2009-இல் தொடங்கிய ஆஸ்திரேலியப் பதிப்பு வடிவத்தைப் பெரிதும் மாற்றியது. பெரிய சமையற்கூடம், மூடிய பெட்டியில் தரப்படும் பொருட்களைக் கொண்டு சமைத்தல், குழுப் போட்டி, வெளியேற்றச் சுற்று ஆகியவை அதில் இடம்பெற்றன. ஒரே போட்டியாளர் குழுவைப் பல வாரங்களுக்குத் தொடர்ந்து காட்டியதால் நிகழ்ச்சி ஒரு நெடுந்தொடரின் தன்மையைப் பெற்றது. இந்தியப் பதிப்புகள் இந்த ஆஸ்திரேலிய வடிவத்தையே பெரிதும் பின்பற்றுகின்றன.

வடிவ உரிமம்

தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் பொதுவான அமைப்புக்குப் பதிப்புரிமை கோருவது கடினம். நியூசிலாந்து ஒலிபரப்புக் கழகத்துக்கு எதிராக ஹியூயி கிரீன் தொடுத்த வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1989-இல் வழங்கிய தீர்ப்பு இதற்கு முக்கியச் சான்றாகும். திறமைப் போட்டி ஒன்றின் வழக்கமான கூறுகள் மட்டும் பதிப்புரிமைக்கு உரியவை அல்ல என்று அத்தீர்ப்பு கூறியது.

எனவே உரிமம் பெறும் நிறுவனம் நடைமுறையில் வாங்குவது நிகழ்ச்சியின் பெயர், சின்னம், தயாரிப்புக் கையேடு, பிற நாடுகளில் கிடைத்த அனுபவம் ஆகியவற்றையே ஆகும். சுற்றுகளின் வகை, அரங்க அமைப்பு, கால வரம்பு போன்றவை கையேட்டிலிருந்து வருகின்றன. நடுவர்கள், மொழி, சமைக்கப்படும் உணவு ஆகியவற்றை அந்தந்த நாட்டுத் தயாரிப்பாளர்கள் முடிவு செய்கின்றனர்.

இந்திப் பதிப்பு

மாஸ்டர்செஃப் இந்தியா 2010 அக்டோபரில் ஸ்டார் பிளஸ் அலைவரிசையில் தொடங்கியது. நடிகர் அக்‌ஷய் குமார், சமையற்கலைஞர்கள் குணால் கபூர், அஜய் சோப்ரா ஆகியோர் முதல் பருவத்தின் நடுவர்கள். அக்‌ஷய் குமார் நடிகராவதற்கு முன் பாங்காக்கில் உணவகப் பணியில் இருந்தவர். இலக்னோவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை பங்கஜ் பதௌரியா முதல் பருவத்தில் வெற்றி பெற்றார். அடுத்த பருவத்திலிருந்து விகாஸ் கன்னாவும் நடுவராகப் பங்கேற்றார்.

2015-இல் ஒளிபரப்பான நான்காம் பருவத்தில் சைவ உணவு மட்டுமே சமைக்கப்பட்டது. இந்தியச் சூழலுக்காகச் செய்யப்பட்ட மாற்றங்களுள் இது பெரியது. சைவக் குடும்பங்களையும் பார்வையாளர்களாகச் சேர்க்கும் முயற்சி என்று ஒரு சாராரும், இந்தியரில் பெரும்பாலோர் இறைச்சியும் மீனும் உண்பவர்கள் என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர்.

தமிழ்ப் பதிப்புகள்

மாஸ்டர்செஃப் தமிழ் 2021 ஆகஸ்ட் 7 அன்று சன் தொலைக்காட்சியில் தொடங்கியது. நடிகர் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கினார். கௌஷிக் சங்கர், ஆர்த்தி சம்பத், ஹரிஷ் ராவ் ஆகியோர் நடுவர்கள். தேவகி விஜயராமன் வெற்றி பெற்றார். இந்திப் பதிப்பின் முதல் பருவத்தில் நடிகர் நடுவராகவும் இருந்தார். தமிழில் நடிகர் தொகுப்பாளராக மட்டும் இருக்க, தீர்ப்பு சமையற்கலைஞர்களிடம் விடப்பட்டது.

2024-இல் சோனி லிவ் இணையத் தளத்தில் மற்றொரு தமிழ்ப் பதிப்பு வெளியானது. கௌஷிக் சங்கர், ஸ்ரேயா அட்கா, ராகேஷ் ரகுநாதன் ஆகியோர் நடுவர்களாக இருந்த இப்பதிப்பில் ஆகாஷ் முரளிதரன் வெற்றி பெற்றார்.

இவற்றுக்கு முன்பே, 2019 நவம்பரில், விஜய் தொலைக்காட்சி குக்கு வித் கோமாளி என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியிருந்தது. தாமுவும் வெங்கடேஷ் பட்டும் இதன் தொடக்ககால நடுவர்கள். சமைக்கும் பிரபலம் ஒவ்வொருவருக்கும் சமையல் அறியாத ஒரு கோமாளி துணையாக அளிக்கப்பட்டார். இதனால் கடுமையான போட்டியைவிட நகைச்சுவையே முன்னின்றது. மாஸ்டர்செஃப் தமிழ் வந்தபோது பார்வையாளர்கள் இவ்வகைச் சமையல் போட்டிக்குப் பழகியிருந்தனர்.

வட்டார உணவும் போட்டி விதிகளும்

சமையல் போட்டியின் அடிப்படை விதி கால வரம்பாகும். போட்டியாளர் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்துக்குள் சமைத்து, ஒரு தட்டில் அழகுற அடுக்கி, நடுவர்முன் வைக்க வேண்டும். வறுத்தல், வதக்குதல், சுடுதல் ஆகியவற்றுக்கு இவ்விதி பொருந்தும். ஊறவைத்தல், புளிக்கவைத்தல், வெயிலில் உலர்த்துதல் ஆகியவற்றுக்குப் பொருந்தாது.

இதற்கு விருதுநகர் மாவட்டத்தின் உணவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தமிழ்ப் பதிப்பைத் தொகுத்து வழங்கிய விஜய் சேதுபதி பிறந்த இராசபாளையம் இம்மாவட்டத்தின் மேற்கில், மலையடிவாரத்தில் உள்ளது. கிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் மழையையும் கண்மாய்களையும் நம்பிய வறண்ட நிலமாகும். திருச்சுழி வழியாகச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும். கம்பு, சோளம், குதிரைவாலி, பயறு வகைகள், மிளகாய், மல்லி, பருத்தி ஆகியவை இங்கு மானாவாரியாகப் பயிராகின்றன.

இந்நிலத்தின் கம்மங்கூழ் ஒரு மணி நேரத்தில் முடியும் உணவு அன்று. கம்பில் நீர் தெளித்து, உரலில் இடித்து, சுளகில் புடைத்துத் தவிட்டை நீக்க வேண்டும். பின்னர் குருணையும் மாவுமாக உடைத்துக் கிண்டி, ஆறியபின் உருண்டையாக்கி நீரில் இட்டு, ஓர் இரவு வைக்க வேண்டும். மறுநாள் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, வெங்காயத்துடனும் வத்தலுடனும் உண்பர். மோர்மிளகாயும் கொத்தவரை வத்தலும் ஆயத்தமாவதற்குப் பல நாள் வெயில் தேவை. கூழின் புளிப்புச் சுவை அந்த இரவில் உண்டாவது. கைத்திறனால் அதைச் சுருக்க இயலாது.

மாறாக, உமி நீக்கிய குதிரைவாலி அரிசி அரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும். பொங்கல், பாயசம் என்று விரும்பிய வடிவில் தட்டில் வைக்கலாம். எனவே ஒரே நிலத்தின் இரு தானியங்களுள் ஒன்று போட்டி அரங்கில் எளிதில் ஏறும். மற்றொன்றின் முதன்மை உணவு, முன்கூட்டியே ஆயத்தம் செய்ய அனுமதி இருந்தாலன்றி ஏறாது. நடுவர்களின் விருப்பு வெறுப்பைவிடக் கடிகாரமே இத்தேர்வைச் செய்கிறது. நெடுநேரம் எடுக்கும் உணவை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிச் சமைத்தால், பெயர் மட்டுமே எஞ்சும் வாய்ப்பும் உண்டு.

உணவும் உரிமையும்

போட்டியின் பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமையாளர் உண்டு. அதில் சமைக்கப்படும் மரபு உணவின் செய்முறைக்கு உரிமையாளர் இல்லை. விளைபொருளின் பெயருக்கு மட்டும் புவிசார் குறியீடு ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது. விருதுநகர் சம்பா வத்தலும் இராமநாதபுரம் முண்டு மிளகாயும் இக்குறியீட்டைப் பெற்றுள்ளன. கூழ் காய்ச்சும் முறைக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. அது வீடுகளில் செய்து காட்டப்படும் வரையிலேயே நிலைக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

குக்கு வித் கோமாளி
புவிசார் குறியீடு
குதிரைவாலி
கம்பு
கரிசல் மண்
அருப்புக்கோட்டை
திருச்சுழி