குறைமாதக் குழந்தை திடீரென மூச்சை நிறுத்துவது ஏன்? கயத்தாறு பகுதி பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

பிறந்த குழந்தை தூங்கும்போது 5 முதல் 10 விநாடி மூச்சை நிறுத்தி, பிறகு வேகமா மூச்சு விடும். குழந்தையின் நிறமும் இதயத்துடிப்பும் மாறாத வரை இது இயல்பானதுதான். ஆனால் 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, அதற்குள்ளாகவே உடல் நீலமானாலோ, இதயத்துடிப்பு குறைந்தாலோ அது ஆபத்து. மருத்துவர்கள் இதை 'அப்னியா' என்கிறார்கள்.

காரணம் என்ன?

மூச்சை இயக்குவது மூளைத்தண்டு. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால், பெரியவர்களுக்கு மூச்சு வேகமாகும். 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு இந்தக் கட்டுப்பாடு முழுசா வளர்ந்திருக்காது. 28 வாரத்துக்கு முன் பிறந்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் இப்பிரச்சினை வரும். பெரும்பாலும் 36-37 வார வளர்ச்சியை எட்டும்போது சரியாகிவிடும். நிறைமாதக் குழந்தைக்கு வந்தால் கிருமித் தொற்று, சர்க்கரை குறைவு, வலிப்பு போன்ற காரணம் இருக்கலாம்.

காபியில் இருக்கும் மருந்து

இதற்கு முதன்மை மருந்து கஃபீன் சிட்ரேட். 500 முதல் 1,250 கிராம் எடையில் பிறந்த குழந்தைகளிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2006, 2007-ல் வெளியாகின. கஃபீன் பெற்ற குழந்தைகளுக்கு நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு குறைவாக இருந்தது. அதற்காக வீட்டில் காபித் தண்ணி கொடுக்கவே கூடாது. எடைக்கேற்ற அளவை மருத்துவமனையில்தான் தரணும். தேவைப்பட்டால் மூக்கு வழியாக அழுத்தக் காற்றும் (சிபாப்) தருவார்கள்.

வீட்டில் என்ன கவனிக்கணும்?

* குழந்தை அமைதியா இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்க. 60-ம் அதற்கு மேலும் இருந்தால் மறுபடி எண்ணுங்க. அப்பவும் அப்படியே இருந்தால் மருத்துவமனைக்குப் போகணும்.
* நெஞ்சு உள்ளே குழிவது, முனகல், பால் குடிக்காதது, உதடு நீலமாவது எல்லாம் அபாய அறிகுறிகள்.
* எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்க. வீட்டில் புகை வேண்டாம்.

மூச்சு நின்றால்?

உள்ளங்காலைத் தட்டுங்க, முதுகை மெதுவா தேய்ங்க. குலுக்கக் கூடாது, மூக்கில் எண்ணெய் விடக் கூடாது. மூச்சு வரலைன்னா உடனே 108-ஐ அழைத்து, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி மெல்ல ஊதணும். மூச்சு திரும்பிவிட்டாலும் மருத்துவர் பார்த்தே ஆகணும்.

எங்கே போவது?

கயத்தாறு, திருநெல்வேலி–கோவில்பட்டி சாலையில் இருக்கிறது. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சை வசதி திருநெல்வேலி, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உண்டு. 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் வாகன வசதியும் இலவசம். போகிற வழியில் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல்படச் சேர்த்து, துணியால் போர்த்தி, முகம் மூடாமல் கொண்டு போகணும். உடல் குளிர்ந்தாலும் மூச்சு நிற்கலாம்.